பந்தும் பாட்டும் பக்கத்து இருக்கையும்

காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் எவருக்கும் ஒரே நேரத்தில் நான்கு பாட்டாவது காதில் விழும். புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்கும் தனியார் பேருந்தில் இளையராஜா. அதன் பின்னால் வழி கேட்டு ஒலிப்பானை அழுத்தும் பேருந்தில் தேவா. எதிரே கைப்பேசிக் கடை வாசலில் அனிருத். காளான் வதங்கும் தள்ளுவண்டியில் ஏதோ ஒரு முருகன் பாட்டு. நடுவே, 'உள்ள போங்க, உள்ள போங்க, சீட்டு இருக்குதுங்க' என்று இல்லாத இருக்கையை மரியாதையோடு காட்டும் நடத்துநர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இந்தச் சத்தத்தைக் கடந்துதான் நாம் கல்லூரிக்குப் போய்த் தமிழிலக்கியம் நடத்திவிட்டுத் திரும்புகிறோம். வகுப்பறையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. பேசாமல் இருந்தது பிழை என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே பாட்டு, கூடைப்பந்து, நம்மூர்ப் புழக்கம் ஆகியவை பற்றிச் சில அபிப்பிராயங்களை ஒளிவுமறைவின்றி எழுதிவைக்கிறோம். அன்பர்கள் மறுக்கலாம், மறுத்தால் மகிழ்ச்சியே.

முதலில் ஓர் ஒப்புதல். சிற்றிதழ் படிக்கும் நம்மவர் பலருக்கு இரண்டு காதுகள் உண்டு. ஒன்று கூட்டத்தில் பேசும்போது பயன்படுவது. சினிமாப் பாட்டு என்றால் முகம் சுளிக்கும். மற்றது குளியலறையில் பயன்படுவது. அதற்கு எண்பதுகளின் பாட்டெல்லாம் பல்லவி, சரணம் பிசகாமல் மனப்பாடம். நற்றிணையில் பத்துப் பாடல்களைப் பார்க்காமல் சொல்லத் தடுமாறும் தமிழாசிரியருக்குத் திரைப்பாட்டு நூறு தெரியும். நாமும் அந்த வகுப்பினரே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாதது போல நடிப்பதுதான் வெட்கம்.

நம் முன்னோர் இப்படி நடித்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என்றொரு வகைக்கு இடம் கொடுத்தார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர் மோதிரப்பாட்டு, கடகண்டு என்று சில பெயர்களைச் சொல்கிறார். எழுதிப் பயிலும் வழக்கம் இல்லாத, மக்கள் வாயில் புழங்கிய பாட்டுகள் அவை. இன்று அந்தப் பாட்டுகள் நம்மிடம் இல்லை. அவர் போகிற போக்கில் எழுதிய பெயர்கள்தாம் மிச்சம். மெய்ப்பாட்டியலிலோ, உவகை பிறக்கும் இடங்கள் நான்கென்று எண்ணி, அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார் தொல்காப்பியர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு. பந்தடிக்கும் பெண்களின் பாட்டு அது. பந்தும் பாட்டும் ஒரே மூச்சில் வந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

கொங்குநாட்டுக்காரர்க்கு இதைவிடப் பொருத்தமான சான்று பெருங்கதை. விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றியது, உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தது. முதலும் இறுதியும் நமக்குக் கிடைக்காத அந்த நூலில், நல்லவேளையாக, 'பந்தடி கண்டது' என்ற பகுதி கிடைத்திருக்கிறது. மகளிர் ஒருவர்பின் ஒருவராக வந்து பந்தடிக்கிறார்கள்; யார் எத்தனை அடித்தார் என்று ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை சொல்லப்படுகிறது; இறுதியில் மானனீகை எல்லாரையும் விஞ்சுகிறாள்; பார்த்த உதயணன் மனத்தைப் பறிகொடுக்கிறான். முதுகலையில் இந்தப் பகுதியை நடத்தியபோது, காப்பியத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் வருணனை என்று நாமே மாணவரிடம் சொல்லியிருக்கிறோம். இன்று அப்படிச் சொல்ல மாட்டோம். ஆட்டக்காரியின் பெயர், அவள் அடித்த எண்ணிக்கை, முந்தையவளை விஞ்சிய விதம் என்று ஒன்றும் விடாமல் குறித்துவைக்கிறவர் விளையாட்டு ரசிகராகத்தான் இருக்க முடியும். கொங்குவேளிர் கேலரியில் உட்கார்ந்து பழகியவர் என்பது நம் துணிபு.

நிற்க. பாட்டுக்கு வருவோம்.

கோயம்புத்தூருக்கும் சினிமாப் பாட்டுக்கும் உள்ள உறவு பேருந்தில் கேட்பதோடு முடிவதில்லை. சென்னையின் கோடம்பாக்கம் முழுதாக எழும்பும் முன்பே சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், புலியகுளம் பக்கம் பட்சிராஜாவும் படமெடுத்துக்கொண்டிருந்தன. எம்.எஸ்.விசுவநாதன் இசையமைப்பாளராகும் முன்பு, ஜுபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டு எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் தொழில் கற்றது இந்த ஊரில்தான். டி.எம்.சௌந்தரராசனின் குரல் திரையில் முதலில் ஒலித்த 'கிருஷ்ண விஜயம்' (1950) இங்கே உருவான படம். ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் கொண்ட ஊர் என்று மட்டுமே நம்மைப் பற்றிச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நாம் பள்ளியில் படித்த தொண்ணூறுகளில் காந்திபுரத்துச் சந்துகளில் ஒலிநாடாப் பதிவுக் கடைகள் இருந்தன. வெள்ளைத்தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக்கொடுத்தால் அறுபது நிமிட நாடாவிலோ தொண்ணூறு நிமிட நாடாவிலோ பதிந்து தருவார்கள். இரண்டு நாள் கழித்து வாங்கப் போகவேண்டும். பட்டியல் முடிந்தும் நாடாவில் இடம் மிஞ்சினால் கடைக்காரர் தம் விருப்பப்படி ஒரு பாட்டைச் சேர்த்துவிடுவார். நாம் கேட்காத பாட்டு. பெரும்பாலும் நமக்குப் பிடிக்காத பாட்டு. ஆனால் நாடா ஓடும்போதெல்லாம் அதுவும் ஓடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நாம் பட்டியலிட்ட பாட்டுகள் சலித்திருக்கும். கடைக்காரர் சேர்த்தது நிலைத்திருக்கும். பி.யு.சின்னப்பாவை நாம் கேட்கத் தொடங்கியது இப்படி மிஞ்சிய மூன்று நிமிடத்தில்தான்.

இன்று கைப்பேசிச் செயலியும் நாம் கேட்காத பாட்டைத் தருகிறது. ஆனால் நாம் ஏற்கெனவே கேட்டதைக் கணக்கிட்டு, அதன் சாயலிலேயே தருகிறது. கடைக்காரர் நம்மைக் கணக்கிடவில்லை. தம் விருப்பத்தைத் தந்தார். இன்னொரு மனிதரின் ரசனை நம் வீட்டுக்குள் நுழைய அந்த மூன்று நிமிடம் வழிவிட்டது. நகரப் பேருந்தில் ஓட்டுநர் போடும் பாட்டும் அப்படித்தான். ஐம்பது பேரும் அதைத்தான் கேட்டாக வேண்டும். சத்தம் அதிகம் என்ற புகாரில் நியாயம் உண்டு. நாமும் காதைப் பொத்தியிருக்கிறோம். எனினும் நூல் மில்லுக்குப் போகிறவரும் பொறியியல் கல்லூரி மாணவரும் பூக்காரம்மாவும் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டு போகும் இடங்கள் இந்த ஊரில் வேறு எத்தனை என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் தலைமுறையினரிடம் ஒரு வார்த்தை. நாற்பது கடந்த நம்மில் பலரின் காது ஏதோ ஓராண்டில் மூடிக்கொண்டது. சிலருக்கு 'ரோஜா' வந்த 1992. சிலருக்கு அதற்கும் முன்பு. அதற்குப் பின் வந்ததெல்லாம் இரைச்சல் என்று தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம். மரபுக்கவிதைக்காரர்கள் புதுக்கவிதையை இரைச்சல் என்று சொன்னபோது அவர்களோடு சண்டை போட்டவர்களும் நாம்தாம். சொல்லிசை என்று இன்று வழங்கும் ராப் பாட்டை எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழரான யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்கள். நம்மூர் ஆதி 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் 2011இல் பாடிய 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியது. குடிக்கும் பெண்ணைக் கண்டிக்கும் அந்தப் பாட்டு நமக்கு அன்றும் உவப்பாயில்லை, இன்றும் இல்லை. குடிக்கும் ஆணுக்குப் பண்பாட்டுப் பாடம் நடத்த எவரும் மெனக்கெடுவதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். அதே ஆதி 2019இல் தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடி 'தமிழி' என்ற ஆவணத்தொடரை எடுத்தார். இரண்டையும் செய்தவர் ஒருவரே. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் வகுப்பறையில் நடந்தது வேறு. யாப்பருங்கலக்காரிகை நடத்தும்போது எதுகை, மோனை, இயைபு என்று கரும்பலகையில் எழுதினால் பின்வரிசை உறங்கும். ஒருநாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, 'ஐயா, ராப்புல வரிக்கடைசி ஒத்து வர்றதுக்குப் பேரு இயைபுங்களா?' என்று கேட்டான். ஆம் என்றோம். 'அப்ப எங்களுக்கு ஏற்கெனவே தெரியுமுங்க, பேருதான் தெரியாது' என்றான். அந்த வாரம் வகுப்பில் யாரும் உறங்கவில்லை. ராப் பாட்டெல்லாம் கவிதை என்று இதனால் நிறுவிவிட முடியாது. பெரும்பாலானவை கவிதையில்லை, தமிழ்ப்பெருமை பேசும் வரிகள் பலவும் மேடைப்பேச்சின் எச்சம். இருந்தும், ஓசையைக் காதால் எண்ணப் பழகிய பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கவேண்டியிருந்தது பெயர் மட்டுமே. அதைக் கொடுக்க இத்தனை ஆண்டு தாமதித்தோம்.

இனி பந்து.

கூடைப்பந்து 1891 திசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்களைக் கட்டிமேய்க்கக் கண்டுபிடித்த ஆட்டம். பத்தடி உயரத்தில் பழக்கூடைகளை அறைந்தார். அந்தப் பத்தடி இன்றும் மாறவில்லை. அதே இயக்கத்தின் வழியாகத்தான் அது நம் நாட்டுக்கு வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. கோயம்புத்தூர் இதை ஏன் இவ்வளவு பற்றிக்கொண்டது என்பதற்கு நம்மிடம் உள்ள விடை எளியது. ஆலைகளும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். கிரிக்கெட்டுக்கு வேண்டிய நிலத்தில் இருபதில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். ஒரு பந்தும் இரண்டு வளையமும் இருந்தால் ஆலை முடிந்த மாலையில் ஆடலாம்.

பல பதிற்றாண்டுகளாக இந்நகரில் அகில இந்தியப் போட்டிகள் நடந்துவருகின்றன. ஆடவர்க்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பி.எஸ்.ஜி. கோப்பை, மகளிர்க்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. வேறு ஊர்களில் கோப்பைக்கு மன்னர் பெயரோ மந்திரி பெயரோ இருக்கும். நம்மூரில் பேருந்து முதலாளியின் பெயரும் பஞ்சாலைக் குடும்பத்தின் பெயரும் மோட்டார் பம்பின் பெயரும் இருக்கின்றன. இதைவிடக் கோயம்புத்தூர்த்தனமான செய்தி கிடையாது. இந்தியக் கடற்படை, தரைப்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம் என்று வரும் அணிகளின் ஆட்டத்தை, காந்திபுரத்திலிருந்து நடந்தே போகக்கூடிய வ.உ.சி. பூங்காவை ஒட்டிய மாநகராட்சி மைதானத்தில் நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கேலரி ஒரு தனி உலகம். நிலக்கடலைப் பொட்டலத்தோடு வரும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள், எந்த ஆட்டக்காரர் எந்த ஆண்டு எந்த அணிக்கு மாறினார் என்பதைக் கல்வெட்டுபோல் ஒப்பிப்பார்கள். தவறான தீர்ப்புக்கு நடுவரைத் திட்டுவதிலும் கொங்கு மரியாதை குறையாது. 'ரெப்ரீங்க, கண்ணாடி மாத்துங்க!' என்று ஒரு குரல் எழும். கூட்டம் சிரிக்கும், நடுவரும் சிரித்ததை ஒருமுறை பார்த்திருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர், என்ன தொழில், இன்ன குடும்பம் என்று இரண்டு மணி நேரம் யாரும் கேட்பதில்லை. கொங்குநாட்டில் முன்பின் தெரியாத இருவர் அருகருகே உட்கார்ந்தால் மூன்றாவது கேள்விக்குள் சாதிக்கு வந்துவிடுவது வழக்கம். 'ங்க' என்ற ஈரெழுத்து மரியாதைக்குள் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கும். 'நீங்க எந்தப் பக்கமுங்க?' என்று அது வரும். கேலரியில் அதற்கு வேறு பொருள். எந்த அணியின் பக்கம் என்று மட்டுமே அங்கே பொருள்.

ஒரு பழைய பிழையையும் சொல்லவேண்டும். கல்லூரி அணியில் ஆடிய மாணவி ஒருத்தி, அகமதிப்பீட்டுத் தேர்வன்று போட்டி இருக்கிறது, தேர்வை அடுத்த வாரம் எழுதலாமா என்று கேட்டு வந்தாள். 'பந்து சோறு போடுமா அம்மணி?' என்று கேட்டு அனுப்பிவிட்டோம். அவள் தேர்வை விட்டுவிட்டுப் போட்டிக்குப் போனாள். சில ஆண்டுகள் கழித்து மகளிர் ஆட்டம் ஒன்றில், வெளியூர் அணியின் சீருடையில் அவளைப் பார்த்தோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. ஆட்டம் முடிந்து கேலரிக்கு வந்து, 'ஐயா, நல்லா இருக்கீங்களாங்க? இன்னும் அகப்பொருள்தான் எடுக்கறீங்களா?' என்று கேட்டாள். பழைய கேள்வியை அவள் நினைவூட்டவில்லை. நமக்குத்தான் அது மறக்கவில்லை.

இங்கே நீதி சொல்லி முடித்துவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாயில்லை. அணியில் பன்னிரண்டு பேர். பந்து அவளுக்குச் சோறு போட்டது. மற்ற பதினொருவருக்குமா போட்டது? இந்நாட்டில் கூடைப்பந்து வாழ்வது வங்கி, இரயில்வே, படை, மின்வாரியம் ஆகியவற்றின் வேலை வாய்ப்பால். 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. தொழில்முறைப் போட்டிகள் 2017உடன் நின்றுபோயின. பின்வந்த முயற்சிகளும் ஓர் ஆட்டக்காரர் ஆண்டு முழுதும் நம்பி வாழும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. ஆகவே நம் கேள்வி முற்றிலும் மூடத்தனமானதும் அன்று. பிழை, விடை தெரியாமலே அதைக் கேலியாகக் கேட்டதில் இருந்தது.

இன்றைய மாணவர்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறோம். விடிகாலையில் எழுந்து கைப்பேசியில் அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டம் பார்க்கிறார்கள். 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ், கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகளைக் கடந்ததை அன்றே வந்து சொன்னார்கள். கொங்குவேளிரின் வாரிசுகள் என்று மகிழ்ந்தோம். இந்திய மகளிர் அணிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னைப் பெண் அனிதா பால்துரையைத் தெரியுமா என்று கேட்டோம். தெரியவில்லை. அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள நமக்குத் தகுதியில்லை. ஷெல்லியையும் கீட்சையும் மேற்கோள் காட்டிக்கொண்டு, பெருங்கதையைப் புரட்டாமல் பட்டம் பெற்றவர்கள் நம் தலைமுறையிலும் உண்டு. தொலைவில் உள்ளதை ரசிப்பது குற்றமில்லை. கைப்பேசியில் பார்க்கும்போது பக்கத்து இருக்கை என்று ஒன்று இல்லாமல் போகிறது என்பதே நம் வருத்தம். கடலைப் பொட்டலத்தை நீட்டும் கை அங்கே இல்லை.

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒன்று. கொங்கு மண்டலத்தில் வள்ளி கும்மி மறுபடி தழைத்திருக்கிறது. பெருமளவு ஆண்களே ஆடிவந்த அதைப் பெண்களுக்கும் கற்பித்த பெரியவர் பத்திரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றபோது, விருது தகுதியான கைக்குப் போனதென்று மகிழ்ந்தோம். கோயில் திடல்களில் சிறுமியரும் பாட்டிமாரும் ஒரே வட்டத்தில் அடியெடுத்து வைக்கும் அழகை மறுப்பார் யார்? ஆனால் கும்மி மேடையொன்றில், சொந்தச் சாதிக்குள்தான் மணம் முடிப்போம் என்று பெண்பிள்ளைகளை உறுதிமொழி சொல்லவைத்த காணொளி அண்மை ஆண்டுகளில் பரவி விவாதமானதை வாசகர்கள் அறிவர். நமக்கு அதைப் பார்த்ததும் முதலில் சினம் வரவில்லை, வியப்பே வந்தது. வள்ளி கதை என்ன? தேவசேனாபதி தினைப்புனம் தேடி வந்து, வேடர் வீட்டில் வளர்ந்த பெண்ணிடம் கெஞ்சி, கிழவேடம் போட்டு, யானைக்கு அஞ்சவைத்து, அவள் உற்றாரை எதிர்த்து மணந்த கதை. களவு மணத்துக்குத் தமிழில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதைப் பாடி ஆடிவிட்டு, வேற்றுக் குடியில் மணம் முடிக்க மாட்டோம் என்று கைநீட்டிச் சொல்லவேண்டுமானால், பாடிய பாட்டைக் காதில் வாங்காமல் இருந்தால்தான் முடியும்.

பாட்டையும் ஆட்டத்தையும் உயர்ந்தது தாழ்ந்தது என்று தரம் பிரித்தே நாம் காலம் கழித்தோம். இப்போது நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: இது நம் பக்கத்தில் யாரை உட்காரவிடுகிறது? ஒலிநாடாக் கடைக்காரரின் மூன்று நிமிடமும், நகரப் பேருந்தின் இரைச்சலும், பூங்காவோரக் கேலரியும் முன்பின் தெரியாதவருக்கு இடம்விட்டன. வட்டமாக நின்று ஆடும் கும்மிக்கு இன்னும் பெரிதாக இடம்விட முடியும். வட்டத்துக்கு முதல் இடம், கடை இடம் கிடையாது. யார் வந்து சேர்ந்தாலும் அது சற்றே விரியும், அவ்வளவுதான். அதைச் சுற்றி வேலி போடுகிறவர்கள் வெளியிலிருந்து வரவில்லை. நம் உறவினர்களும் நம்மிடம் படித்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆதலால் இதைச் சொல்லவேண்டிய கடமை நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அதிகம்.

அடுத்த பருவத்தில் பெருங்கதை நடத்தும் முறை நமக்கு வருகிறது. 'பந்தடி கண்டது' பகுதியை வகுப்பறையில் நடத்துவதாயில்லை. போட்டி நடக்கும் ஒரு மாலையில் மாணவர்களைக் கேலரிக்கு அழைத்துப்போக எண்ணம். அன்று அகமதிப்பீட்டுத் தேர்வு எதுவும் இராது. வருகிற அன்பர்களும் வரலாம். இருக்கையில் இடமிருக்கும், சற்று நெருங்கி உட்கார்ந்தால்.